இடுப்புன்னா எந்த இடுப்பு?

எங்க ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற ரோட்டுல, பாலாத்துக்கு இந்தப் பக்கம் இருக்கு. திருமழிசை ஆழ்வாரோட சீடர் கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்தினப்போ ஆழ்வாரும் கூடவே கிளம்பிட்டாராம். அவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு திருவெஃகா பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடியே வந்து, ஒரு ராத்திரி தங்கின இடம் இதுன்னு ஐதிகம். ஓர் இரவு இருக்கை, ஓரிருக்கையாகி, அப்புறம் ஓரிக்கை ஆயிடுச்சு. ஒரு சொல் ஜனங்க வாயில புழங்கிப் புழங்கி எப்படித் தேயும்ங்கறதுக்கு எங்க ஊர்ப் பேரே சாட்சி.

இந்தப் பதிவும் ஒரு சொல்லைப் பத்தித்தான். இடுப்பு. சிரிக்காதீங்க, விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

2016-ல எங்க அம்மா குழாயடியில வழுக்கி விழுந்துட்டாங்க. அப்போ அவங்களுக்கு 68 வயசு. எழுந்து நின்னாங்க, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தும் வந்துட்டாங்க. "இடுப்புல பிடிச்சுக்கிச்சுடா, ஒண்ணுமில்ல"ன்னாங்க. முப்பது வருஷம் குழித்தறியில உட்கார்ந்த உடம்பு. காலைக் குழிக்குள்ள விட்டு, முன்னால குனிஞ்சு, நாள் முழுக்க மிதி மிதிச்சவங்களுக்கு இடுப்பு வலி புதுசு இல்லை. நெசவு வீட்டுல அது இன்னொரு குடும்ப உறுப்பினர் மாதிரி. விளக்கெண்ணெயில பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சித் தேய்ச்சுக்கிட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு நான்தான் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் என்னன்னு கேட்டார். அம்மா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, படிச்ச பிள்ளையாச்சே, நான் முந்திக்கிட்டேன். "பேக் பெயின் டாக்டர், விழுந்துட்டாங்க." அவர் அம்மாவைப் பார்த்து "இடுப்பாம்மா?"ன்னார். "ஆமா சார், இடுப்புதான்." முதுகெலும்போட கீழ்ப்பகுதிக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. அதுல ஒண்ணும் இல்லை. மாத்திரை, களிம்பு, ஒரு பெல்ட். வீட்டுக்கு வந்துட்டோம்.

மூணு வாரம் ஆச்சு. வலி குறையலை, கூடுது. எங்க தெருவுல ஒரு பாட்டி இருந்தாங்க. அந்தக் காலத்துல சுத்துவட்டாரத்துக்கே பிரசவம் பார்த்தவங்க. அம்மாவைப் பார்க்க வந்தவங்க, படுத்திருந்த அம்மாவோட பாதத்தைத்தான் முதல்ல பார்த்தாங்க. ஒரு பாதம் வெளிப்பக்கமா சாய்ஞ்சு கிடந்தது. கவட்டியில விரலை வெச்சு அழுத்தினாங்க. அம்மா அலறிட்டாங்க. பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "இது இடுப்பு இல்லடா, சந்து. சந்துல போட்டோ எடுக்கச் சொல்லு"ன்னாங்க.

எடுத்தோம். தொடை எலும்போட கழுத்து முறிஞ்சிருந்தது.

இந்த இடத்துல கொஞ்சம் உடற்கூறு. தொடை எலும்பு மேல போகப் போகச் சிறுத்து, கழுத்து மாதிரி வளைஞ்சு, ஒரு பந்துல முடியும். இடுப்பு எலும்புல கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கு. அந்தப் பந்து அந்தக் கிண்ணத்துல உட்கார்ந்து சுழலும். வயசானவங்க விழுந்தா அந்தக் கழுத்து முறியறது சகஜம். முறிஞ்ச ரெண்டு துண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிக்கிட்டா கொஞ்ச நாள் நடக்கக்கூட முடியும். வலி பெரும்பாலும் பின்னால முதுகுல தெரியாது. கவட்டியில, தொடையோட முன்பக்கத்துல, சில பேருக்கு முழங்கால்ல கூடத் தெரியும். முதுகெலும்புக்கு எடுக்கிற எக்ஸ்ரேயில இந்த மூட்டு மாட்டாமலே போகலாம்.

ஆபரேஷன் பண்ணின டாக்டர் கோபப்படாமத்தான் சொன்னார்: "விழுந்த உடனே பார்த்திருந்தா ரெண்டு மூணு ஸ்க்ரூ போட்டே முடிச்சிருக்கலாம். இப்ப விலகிடுச்சு, பந்தையே மாத்தணும்." மாத்தினாங்க. அம்மா இப்போ கைத்தடியோட நடக்கறாங்க. தறிக்குழியில இறங்க முடியாது.

முதல் டாக்டர் மேல எனக்குப் பெரிய கோபம் இல்லை. அம்மா சொன்னது இடுப்பு. நான் அதை பேக் ஆக்கினேன். அவர் அதை மறுபடி இடுப்பு ஆக்கினார். மூணு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கிட்டு, மனசுக்குள்ள வேற வேற இடத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தோம். அதுல மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவன் நான். அந்த உறுத்தல்லதான் இந்தச் சொல்லோட கதையைத் தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல, தமிழ்ல சொல் இல்லையான்னு பார்த்தேன். கொட்டிக் கிடக்குதுங்க.

இடை, நடு, அரை. மூணும் உறுப்போட பேரே இல்லை, இருக்கிற இடத்தோட பேரு. நடுவுல இருக்கிறதால இடை, பாதியில இருக்கிறதால அரை. குழந்தைக்கு அரணாக்கயிறுன்னு கட்டறோமே, அது அரைஞாண். பாதி உடம்புல கட்டற கயிறு, அவ்வளவுதான். அப்புறம் மருங்குல், நுசுப்புன்னு சங்கப் பாட்டு முழுக்கக் கிடக்குது. அல்குல்னா சரியா எந்த இடம்னு நம்மாளுங்க போட்ட சண்டை இன்னும் முடிஞ்சபாடில்லை, அதுக்குள்ள நான் போகலை :-)

இந்தச் சொல்லையெல்லாம் வரிசையா எழுதி வெச்சுப் பார்த்தா ஒண்ணு புரிஞ்சது. புலவர்கள் கொடுத்த சொல் பெரும்பாலும் பார்க்கிறவனோட சொல். எதிர்ல நிக்கிற பொண்ணோட இடுப்பைப் பார்த்து அது கொடியா, மின்னலா, இருக்கா இல்லையான்னு வியந்தவன் சொன்னது. அந்தச் சொல்லை வெச்சுக்கிட்டு யாரும் வைத்தியர்கிட்ட போக முடியாது. "டாக்டர், என் நுசுப்பு வலிக்குது"ன்னு சொல்லிப் பாருங்க.

இன்னொரு கூட்டம் சொல் இருக்கு. அது வலிச்சவங்களோட சொல், சுமந்தவங்களோட சொல். மதுரை, திருநெல்வேலி, கொங்குப் பக்கம் குறுக்குன்னா முதுகோட அடிப்பகுதி. களையெடுத்துட்டு நிமிர்ற பொம்பளை "குறுக்கு ஒடிஞ்சு போச்சு"ன்னா அது எந்த இடம்னு குழப்பமே வராது. யாழ்ப்பாணத்துல அதே இடத்துக்கு நாரி. "நாரி நோகுது" என்பாங்க. குழந்தையைத் தூக்கி வைக்கிற பக்கவாட்டு மேடு ஒக்கல். ரெண்டு காலும் பிரியற இடம் கவட்டி. தொடையும் இடுப்பும் சேர்ற மூட்டு சந்து. எலும்பு கட்டறவங்க பூட்டுன்னும் சொல்வாங்க. கை கால் முறிஞ்சா எங்க பக்கத்துல இருந்து ஆந்திரா புத்தூருக்குக் கட்டுப் போடப் போவாங்க. போய்ட்டு வந்தவங்க வாயில "பூட்டு நழுவிடுச்சு"ங்கற பேச்சு சாதாரணம்.

குறுக்கு வேற, ஒக்கல் வேற, கவட்டி வேற, சந்து வேற. ஒரு சாண் அகலத்துக்குள்ள நாலு இடத்துக்கு நாலு பேரு. எங்க தெருப் பாட்டிகிட்ட இருந்தது இந்த வரைபடம்தான். எங்கிட்ட இருந்தது இடுப்புங்கற ஒரே புள்ளி. பிரசவ வலிக்கும் நாம இடுப்பு வலின்னுதானே சொல்றோம்!

சரி, வைத்தியர் சொல்லுக்கும் வலிக்கிறவங்க சொல்லுக்கும் இருக்கிற இந்த தூரம் இங்கிலீஷ் வந்த பிறகு வந்ததான்னு பார்த்தா, இல்லை போல. அதுக்கு சாட்சி எங்க ஊர்ல இருந்து இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர்லயே இருக்கு.

திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடற இடம், வாலாஜாபாத் தாண்டி பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. அங்க இருக்கிற பெருமாள் கோவில் சுவத்துல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 1068 வாக்குல வெட்டினது. நீளமான கல்வெட்டு. கோவிலோட சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமும் விடுதியும், 'வீரசோழன்'னு பேர் வெச்ச ஆதுலசாலையும் நடந்த கணக்கு அதுல இருக்கு. ஆதுலசாலைன்னா ஆஸ்பத்திரி. 15 படுக்கை. வைத்தியம் பார்க்க சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன்னு ஒருத்தர். அறுத்து வைத்தியம் பண்ண, அதாவது சல்லியக்கிரியை செய்ய, இன்னொருத்தர். வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் காசும், அறுவை வைத்தியருக்கு 30 கலம். (எலும்பு டாக்டருக்கு அன்னிக்கு மார்க்கெட் இல்லை போல!) மூலிகையும் விறகும் கொண்டுவர ரெண்டு பேர், நோயாளிகளைக் கவனிச்சு மருந்து காய்ச்ச ரெண்டு பெண்கள், தண்ணி கொண்டுவர ஒருத்தர், ஒரு நாவிதர்.

அந்த ஆதுலசாலையில வருஷத்துக்கு என்னென்ன மருந்து இருப்பு வைக்கணும்னு ஒரு பட்டியலும் இருக்கு. அதுல ரெண்டு பேரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒண்ணு பலாகேரண்ட தைலம். இன்னொண்ணு லசுநாத்யேரண்ட தைலம். ஏரண்டம்னா ஆமணக்கு. லசுனம்னா பூண்டு. ஆமணக்கெண்ணெயும் பூண்டும்! இடுப்புப் பிடிப்புக்கும் கால் வாதத்துக்கும் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த மருந்துங்க சித்த, ஆயுர்வேத வைத்தியத்துல இன்னிக்கும் உண்டு. எங்க அம்மா அடுப்புல காய்ச்சினதும் கிட்டத்தட்ட அதே கூட்டுதான். வீட்டுல அதுக்குப் பேரு பூண்டெண்ணெய். கல்வெட்டுல அதுக்குப் பேரு லசுநாத்யேரண்ட தைலம்.

ஒரே சரக்கு, ரெண்டு பேரு. வைத்தியர் ஏட்டுல ஒண்ணு, படுக்கையில கிடக்கிறவர் வாயில இன்னொண்ணு. நடுவுல அந்த மருந்து காய்ச்சின ரெண்டு பெண்கள் இருந்திருக்காங்க. நோயாளி "இங்க வலிக்குதும்மா"ன்னு தொட்டுக் காட்டினதை வைத்தியருக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கப் போறது அவங்களாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு கற்பனை. கல்வெட்டுல அவங்க பேரு இல்லை. எங்க தெருப் பாட்டியை நினைச்சுக்கிட்டேன்.

இந்த தூரத்தைக் குறைக்கணும்னு உட்கார்ந்து வேலை பார்த்த மனுஷன் ஒருத்தரும் இருந்திருக்கார். அவர் காஞ்சிபுரத்துக்காரரும் இல்லை, தமிழரும் இல்லை. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் வூஸ்டர்ல பிறந்தவர். டாக்டருக்குப் படிச்சுட்டு, மிஷனரியா 1847-ல யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாய்ல மருத்துவமனை வெச்சு, உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவமும் சொல்லிக் கொடுத்தார்.

ஆரம்பத்துல பாடம் இங்கிலீஷ்ல. ஆனா இங்கிலீஷ்ல படிச்சவங்க கவர்மென்ட் உத்தியோகம் தேடிப் போயிடறாங்க, கிராமத்துல தங்கறதில்லைன்னு பார்த்தார். தமிழ்ல படிச்சா தமிழ் பேசற ஊர்லயே தங்குவாங்கன்னு கணக்குப் போட்டார். ஊருக்குப் போய்ட்டு 1862-ல திரும்பி வந்தவர், 1864-ல இருந்து மருத்துவத்தைத் தமிழ்லயே நடத்தினார். மொத்தம் அறுபது பேருக்கு மேல டாக்டராக்கினார்.

பாடம் நடத்தப் புத்தகம் வேணுமே? 1850-கள்லயே கட்டர் எழுதின உடற்கூறு நூலைத் தமிழாக்கி 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்'னு போட்டிருந்தார். அங்காதிபாதம்னா உடற்கூறு, சுகரணவாதம்னா உடலியக்கம், உற்பாலனம்னா சுகாதாரம். 1857-ல மவுன்செல்லோட பிரசவ வைத்தியம். 1867-ல இரண வைத்தியம், அதாவது சர்ஜரி. 1872-ல 'மனுஷ அங்காதிபாதம்'. அது என்னன்னு தெரியுமா? கிரே'ஸ் அனாட்டமி! லண்டன்ல அந்தப் புத்தகம் முதல் முதலா வந்தது 1858-ல. பதினாலே வருஷத்துல தமிழ்ல வந்துடுச்சு. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல. டான்ஃபோர்த், சாப்மன்னு அமெரிக்கப் பேர் வெச்ச தமிழ் மாணவர்கள்தான் மொழிபெயர்ப்புல கைகொடுத்தவங்க. இந்தக் கதையை விரிவா படிக்கணும்னா ஈழத்துக் கவிஞர் அம்பி எழுதின 'கிறீனின் அடிச்சுவடு' தேடிப் பிடிங்க.

சொல் ஆக்கறதுக்கு அவர் ஒரு வரிசை வெச்சிருந்தார். முதல்ல தமிழ்ல இருக்கான்னு பாரு. இல்லைன்னா வடமொழியில எடு. அதுவும் இல்லைன்னா இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்துல எழுது. கெமிஸ்ட்ரிக்கு 'கெமிஸ்தம்'னு பேர் வெச்சது இந்தக் கடைசி விதிப்படி. இன்னிக்கு நாம தனித்தமிழா, கிரந்தமா, ஒலிபெயர்ப்பான்னு பக்கம் பக்கமா அடிச்சுக்கறோமே, அதை 150 வருஷம் முன்னாடியே மூணு வரியில முடிச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கார் மனுஷன்.

என்ன ஆச்சு பிறகு? 1870-ல கொழும்புல அரசாங்க மருத்துவப் பள்ளி வந்தது. பாடம் இங்கிலீஷ்ல. 1873-ல கிறீன் ஊருக்குத் திரும்பினார். அங்க இருந்துக்கிட்டும் தமிழ்ப் புத்தக வேலையை விடலை. 'மனுஷ சுகரணம்' 1883-ல வந்தது. 1884-ல காலமானார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்னு பொருள்பட அவர் கல்லறையில எழுதியிருக்கு. அது அவரே கேட்டுக்கிட்டது. தமிழ்ல டாக்டர் படிப்பு அவரோட முயற்சியாவே நின்னு போச்சு. புத்தகம் இருந்தது, அதை வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்தற வகுப்பறை இல்லை. உற்பாலனம்னா இன்னிக்கு யாருக்காவது புரியுமா?

ஆனா யாழ்ப்பாணத்துல இன்னொரு சொல் பிழைச்சுது. இலங்கையில 1950-கள்ல இருந்து அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமா கலைச்சொல் பட்டியல் போட்டது. பள்ளிக்கூடத்துல அறிவியலைத் தமிழ்லயே நடத்தினாங்க. அங்க முதுகெலும்போட கீழ்ப்பகுதியில இருக்கிற அஞ்சு எலும்புக்குப் பேரு நாரி முள்ளந்தண்டென்புகள். நாரி! அம்மம்மா "நாரி நோகுது"ன்னு சொல்ற அதே நாரி பாடப்புத்தகத்துக்குள்ள போய் உட்கார்ந்துடுச்சு. படிக்கிற பிள்ளைக்கு அது புதுச் சொல் இல்லை. அது எங்க இருக்குன்னு கையை வெச்சுக் காட்டும்.

நம்ம பக்கம்? தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல அதே அஞ்சு எலும்புக்குப் பேரு இடுப்பு முள்ளெலும்புகள். அதுக்குக் கீழ, தொடை எலும்பு வந்து மாட்டற எலும்புக்கூட்டுக்குப் பேரு இடுப்பு வளையம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எலும்புக்குத் திருவெலும்பு. லத்தீன்ல அதைப் புனித எலும்புன்னு சொல்வாங்க, அதை அப்படியே தமிழாக்கிட்டோம். அழகாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, மேலேயும் இடுப்பு, கீழேயும் இடுப்பு. எங்க அம்மாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயும் இடுப்புதான். எடுக்காம விட்டதும் இடுப்புதான். குறுக்குன்னும் சந்துன்னும் ரெண்டு நல்ல சொல் ஊருக்குள்ள நடமாடிக்கிட்டு இருக்கறப்போ, ரெண்டையும் விட்டுட்டு ஒண்ணையே ரெண்டு தடவை எழுதி வெச்சிருக்கோம்.

இதுல தமிழ்ல மருத்துவம் படிக்க முடியுமா முடியாதாங்கற பட்டிமன்றத்துக்கு நான் வரலை. முடியும்னு 1872-லயே ஒருத்தர் அச்சடிச்சுக் காட்டிட்டார். என் வருத்தம் வேற. ஓரிருக்கை ஓரிக்கைன்னு தேஞ்சதால ஊர் காணாமப் போயிடலை, பஸ்ஸுக்காரருக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும். சொல் தேயறதால பாதகமில்லை. நாலு இடத்துக்கு இருந்த நாலு பேரும் அழிஞ்சு எல்லாமே ஒரே பேரா ஆகறதுதான் பாதகம். அப்புறம் எங்க இறங்கணும்னு யாருக்கும் தெரியாது.

எங்க தெருப் பாட்டி போன வருஷம் தவறிப் போய்ட்டாங்க. அவங்க வாயில இருந்த சொல்லை எல்லாம் நான் எழுதி வெச்சுக்கலை. இப்போ ஊர்ல வயசானவங்க யாரைப் பார்த்தாலும், இந்த இடத்துக்கு என்ன பேரு, அந்த இடத்துக்கு என்ன பேருன்னு தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன். பைத்தியம்னு நினைக்கறாங்க. பரவாயில்லை.

உங்க ஊர்ல இதுக்கெல்லாம் என்ன சொல்றாங்கன்னு நீங்களும் உங்க பக்கத்துல எழுதி வைங்க மக்களே. அது எழுதற வரைக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்போ, என்னை மாதிரி முந்திக்கிட்டு இங்கிலீஷ்ல மொழிபெயர்க்காதீங்க. அவங்களையே பேச விடுங்க. இடுப்புன்னு சொன்னா, "எந்த இடுப்பும்மா, விரலை வெச்சுக் காட்டு"ன்னு ஒரே ஒரு தடவை கேளுங்க.